குமரப்பன் கடைச் சிவப்புத் தரை

பினாங்கு ஸ்திரீட்டில் சொந்தமாக ஜவுளிக்கடை போடப் போகிறோம் என்றதும் குமரப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. அலமாரி, விளக்கு, பெயர்ப்பலகை எல்லாம் மளமளவென்று முடிந்துவிட்டன. தரை மட்டும் முடியவில்லை. பழைய தரை மழை பெய்தால் வியர்த்துக் கொட்டும். வெள்ளைத் துணியைக் கீழே வைக்க முடியாது. நம் ஆட்கள் கடையில் நாற்காலி ஏது? முதலாளியும் கீழே, வாங்க வருகிறவர்களும் கீழே, புடவையும் கீழேதான் விரியும். அந்த மாதிரிக் கடைக்குத் தரைதானே முகம்!

யோசனை கேட்கக் காசிவிஸ்வநாதனிடம் போனான். பங்காளி முறையில் அண்ணன். தெருவின் மறுகோடியில் அரிசிக் கடை வைத்திருந்தார். முதல் கப்பல் பயணத்தில் வாந்தியெடுத்துச் சுருண்டு கிடந்த குமரப்பனை மடியில் போட்டு, வழியெல்லாம் கஞ்சி ஊட்டிக் கொண்டுவந்து சேர்த்தவர். இந்தக் கடைக்கு இடம் பிடித்துக் கொடுத்ததும் அவர்தான்.

"சீனன் கடையில பூப்போட்ட கல்லு பதிக்கிறான், நல்லாத்தான் இருக்கு" என்றான் குமரப்பன். "ஆனா கல்லுக்குக் கல்லு இடுக்கு. அழுக்கு ஏறும். வெறும் சிமெண்ட்டுன்னா கோடவுன் மாதிரி இருக்கும். செவப்புப் பொடி கலந்து மேல்பூச்சு இழுத்து, தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்ச்சா நம்ம வீட்டு முகப்பு மாதிரி மின்னும். தலைமுறைக்கும் அசையாது. என்னண்ணே சொல்றீக?"

காசிவிஸ்வநாதன் வெற்றிலையை மடித்தபடி சிரித்தார். "செவப்போ கறுப்போ, ஏதாச்சும் போடுப்பா. நான் வந்தா உக்கார ஒரு எடம் இருந்தாச் சரி."

சிவப்பே முடிவாயிற்று. கடலுக்கு அக்கரையில் பாகான் டாலாமிலிருந்து தினமும் படகேறி வரும் கொத்தனார் சின்னையாவைப் பிடித்தார்கள். அவர் ஒரே ஒரு கண்டிப்பு வைத்தார்: நிறப்பூச்சைத் தொடங்கினால் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். நடுவில் நிறுத்தினால் அந்த இடம் தழும்பாகத் தெரியும், எவன் வந்தாலும் அழிக்க முடியாது. குமரப்பன் அதைப் பிடித்துக்கொண்டான். பிடித்தால் குரங்குப்பிடி என்பார்களே, அந்தப் பிடி. பொடி தூவுகிற வேலையைக்கூட இன்னொருவரிடம் விடாமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே இறங்கினான். வாசலில் தொடங்கி உள்ளே உள்ளே நகர்ந்து பின்கட்டுவரை போவதாக ஏற்பாடு.

பாதிக் கடை தாண்டியிருக்கும். வாசலில் நிழல் தட்டியது. காசிவிஸ்வநாதன் நின்றிருந்தார். சரிகை அங்கவஸ்திரம், கையில் வெள்ளித்தட்டு, தட்டில் வெற்றிலை பாக்கு, குங்குமம், பழம். மகள் முத்தம்மைக்கு ஊரில் கல்யாணம், மறுநாள் கப்பல். தட்டோடு வந்தவர் உள்ளே வந்து உட்கார்ந்து, கையில் கொடுத்துத்தான் சொல்ல வேண்டும். வாசலில் நின்று சொன்னால் சொன்னதாகக் கணக்கில்லை, அழைக்கப்பட்டவரும் போகமாட்டார். நம் ஆட்கள் பழக்கம் அப்படி.

அவருக்கும் குமரப்பனுக்கும் நடுவே ஈரம் பளபளக்கும் சிவப்பு.

அவன் எழுந்திருக்கவில்லை. கையில் பொடி, பக்கத்தில் சின்னையாவின் கரணை ஓடிக்கொண்டிருந்தது. தழும்பு விழுந்துவிடுமே என்ற ஒரே நினைப்பு. கடையாள் அர்ஜுனனைக் கூப்பிட்டு, "அண்ணனைப் பின்சந்து வழியாக் கூட்டிக்கிட்டு வா, நான் அங்க வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் குனிந்துகொண்டான்.

பின்சந்து என்றால் என்னவென்று அந்த ஊரில் யாருக்குத் தெரியாது? வரிசை வீடுகளின் கக்கூஸ் வாளிகளை எடுத்துக்கொண்டு போகிற வழி. மங்கலத் தட்டு ஏந்தி வந்த மனிதரை அந்த வழியாக வா என்றால்? பாவி, அந்த நேரத்தில் அவன் கண்ணுக்குத் தரையைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. வேண்டுமென்று சொன்னதில்லை. அது எதற்கு உதவும்?

அர்ஜுனன் திரும்பி வந்து தலையைச் சொறிந்தான். "அவரு போயிட்டாரு லா, முதலாளி. தட்டைத் துண்டால மூடிக்கிட்டாரு."

அப்போதுதான் குமரப்பனுக்கு உறைத்தது. அன்றைக்கே ஓடியிருக்கலாம், தெருக்கோடிதானே, எத்தனை தூரம்? காலில் விழுந்திருக்கலாம். ஆனால் சொல்லாத கல்யாணத்தைப் பற்றி எப்படிப் போய்ப் பேசுவது என்று ஒரு தயக்கம். ஒரு தரைக்காக இத்தனை ரோஷமா என்று ஒரு வீம்பும் கூட. பூச்சு வெடிக்காமலிருக்கச் சாக்கு நனைத்துப் போடுகிற வேலை வேறு இருந்தது. மறுநாள் கப்பல் போய்விட்டது.

கடை திறந்தார்கள். தரை சொன்னபடி மின்னியது. சித்தி ஹாஜரா என்ற மலாய்க்காரி சரோங் துணி வாங்க வந்து, வாசலிலேயே குனிந்து தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் காலை வைத்தாள். அந்தத் தெருவே மெச்சியது. குமரப்பன் எல்லோரையும் உட்காரச் சொன்னான். காசிவிஸ்வநாதன் வந்ததும் முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம் என்றிருந்தான்.

அவர் வரவில்லை. கல்யாணம் முடிந்த கையோடு காய்ச்சலில் படுத்தவர் எழுந்திருக்கவே இல்லையாம். ஊரிலிருந்து வந்த ஒருவர், அவனுக்கு முன்பே தெரியும் என்று நினைத்து, பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அன்று மாலை கடையைச் சாத்திவிட்டுத் தரையில் நெற்றியை வைத்து அழுதான். அழுது என்ன?

வருஷங்கள் ஓடின. கடை வளர்ந்தது. தரையில் ஒரு கீறல் கிடையாது, ஒரு வெடிப்புக் கிடையாது. அதைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு எரிச்சலாக இருக்கும். எங்கேயாவது உடைந்து தொலைந்தால் தேவலை என்று அர்ஜுனனிடமே சொல்லியிருக்கிறான். எண்ணெய் போடுவதை மட்டும் நிறுத்தவில்லை. ஏன் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது.

ஒருநாள் கடை வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். கையில் வெள்ளித்தட்டு. முகத்தைப் பார்த்ததுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"சித்தப்பா, நான் முத்தம்மை. அவுக இங்க வேலைக்கு வந்திருக்காக. மகளுக்குக் காது குத்துறோம். பினாங்கு போனா மொதல்ல சித்தப்பா கடையில சொல்லுன்னு அப்பச்சி சாகையில சொன்னாக." காலைத் தூக்கியவள், தரையின் பளபளப்பைப் பார்த்துப் பின்வாங்கினாள். "ஈரமா இருக்கா? பின்பக்கமா வரட்டுமா?"

அவளுக்கு ஒன்றுமே தெரியாது. அன்று நடந்ததை அப்பா அவளிடம் சொல்லவே இல்லை.

குமரப்பன் தடுமாறி எழுந்து வாசலுக்கு ஓடினான். "காஞ்சிருச்சு ஆத்தா. எப்பவோ காஞ்சிருச்சு. மிதிச்சு வா" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தான்.

அவள் கடையைச் சுற்றிப் பார்த்தாள். "அப்பச்சி வந்தா எந்த எடத்துல உக்காருவாக சித்தப்பா? நானும் அங்கயே உக்காந்து சொல்றேன்."

குமரப்பன் கீழே பார்த்தான். கடை முழுக்க ஒரே சிவப்பு, எங்கும் ஒரு தழும்பு இல்லை.

"உக்காரல ஆத்தா" என்றான். "நான் உக்கார விடல."