தோளுக்கு இறங்கிய கயிறு

வலது தோள்பட்டைக்குக் கீழே, என் கை எட்டாத இடத்தில் ஒரு வலி இருக்கிறது. இருபத்திரண்டு வயதில் வந்தது. யாராவது கேட்டால், கொழுந்துக் கூடை தூக்கி வந்தது என்று சொல்லிவிடுவேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி ஒரே ஒருவருக்குத்தான் தெரியும், அதுவும் நானாகச் சொல்லித் தெரிந்ததில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போவது நின்றுபோனது எனக்கு. எழுதினால் பிழை வரும். ஆனாலும் வாயால் சொல்வதைவிட எழுதுவது சுலபமாக இருக்கிறது. எழுதும்போது எதிரில் யாரும் உட்கார்ந்து முகத்தைப் பார்ப்பதில்லையே.

நான் பிறந்தது நமுனுகுல பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். அங்கே பிள்ளைக் காம்பராவில், அம்மாமார் வேலைக்குப் போனபின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற வேலைதான் செய்தேன். மலையில் இறங்கிக் கொழுந்து எடுத்ததில்லை. கல்யாணமாகி பதுளைக்குக் கிட்டே இன்னொரு தோட்டத்துக்கு வந்தேன். வந்த மூன்றாம் நாள் என் வீட்டுக்காரர் அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "ஒன் முடி நல்லா இருக்கு" என்றார். அவரும் கூச்சக்காரர். அதுவரைக்கும் என்னிடம் எதுவும் நன்றாக இருப்பதாக யாரும் சொன்னதில்லை. அந்த ஒரு வார்த்தையை எத்தனையோ நாள் மனதுக்குள் எடுத்து எடுத்துப் பார்த்தேன்.

அடுத்த கிழமையே கொழுந்துக்குப் போனேன். வீட்டுக்காரருடைய அக்கா எங்கள் லயத்து வரிசை வீடுகளிலேயே பக்கத்துக் காம்பராவில் இருந்தார். மதினி என்று கூப்பிடுவேன். கூடைக் கயிற்றை உச்சந்தலையில் மாட்டி, கூடை முதுகில் தொங்கும்படி விட அவர்தான் சொல்லிக்கொடுத்தார். பக்கத்துச் செடி நிரையில் நின்ற ஒரு அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"புதுப்பொண்ணே, முடிய இப்பவே நல்லாப் பாத்துக்க. மூணு மழை போனா நடுமண்டையில ரோடு போட்டுரும். லொறியே போகலாம்!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அன்றைக்குப் பீலித் தண்ணீரில் குளிக்கப் போனபோது ஒவ்வொருவர் தலையாகப் பார்த்தேன். கயிறு படுகிற இடத்தில் ஒரு விரல் அகலத்துக்கு முடியே இல்லை. மதினிக்கு இரண்டு விரல் அகலம்.

மறுநாளிலிருந்து நான் கயிற்றைத் தோளுக்கு இறக்கிவிட்டேன். காலையில் எல்லாரும் கூடுகிற பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது தலையில் இருக்கும். செடிக்குள் நுழைந்ததும் வலது தோளுக்கு வந்துவிடும். கொழுந்து நிறுக்கப் போகும்போது திரும்பத் தலைக்கு ஏற்றிவிடுவேன். யார் கண்ணிலும் படாதபடி ஓர நிரையாகக் கேட்டு வாங்கிக்கொள்வேன். மழை நாளில் தலைக்கு மேல் சாக்கைப் போர்த்திக்கொண்டால் கயிறு எங்கே கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

நாலு மாதத்தில் வலி வந்தது. முதலில் முள் தைத்த மாதிரி ஒரே இடத்தில். பிறகு கழுத்து வரைக்கும் ஏறியது. மழையில் நனைந்த கொழுந்து கனமாக இருக்கும். அந்த நாள்களில் மத்தியானத்துக்கு மேல் மூச்சை இழுத்தாலே முதுகில் பிடிக்கும். உப்பு வறுத்து ஒத்தடம் கொடுத்தோம். தைலம் போட்டோம். தோட்டத்து டிஸ்பென்சரியில் வெள்ளைக் குளிசை தந்தார்கள். கோயிலில் நூல் மந்திரித்துக் கட்டினோம். வீட்டுக்காரர் வேலை விட்டு வந்ததும், சாராயப் போத்தல் ஒன்றில் வெந்நீர் ஊற்றித் துணி சுற்றி என் முதுகுக்கடியில் வைப்பார். அதில்தான் கொஞ்சம் கண் அயரும். கடைசியில் வலது கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியாமல் போனது.

அந்த நேரத்தில்தான் என் பேரைப் பதிகிற பேச்சு வந்தது. புதிதாக வந்தவர்களைக் கொஞ்ச காலம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாகப் பதிவார்கள். பதிந்தால்தான் எனக்கென்று ஒரு வேலை. இல்லாவிட்டால் கூப்பிட்ட நாளைக்குப் போவது, கூப்பிடாத நாளைக்குச் சும்மா இருப்பது. கங்காணி என்னை நிறுத்திச் சொன்னார்:

"இந்தா பாரு புள்ள, பேரு பதியிற நேரத்துல இப்படிக் கையப் புடிச்சிக்கிட்டு நின்னா, தொரைக்கிட்ட நான் என்னான்னு சொல்றது?"

மதினி அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து நிறுக்கப் போகும் முன் தன் கூடையிலிருந்து இரண்டு கை, மூன்று கை கொழுந்தை அள்ளி என் கூடையில் போடுவார். வேண்டாம் என்றால், "பேசாம வாடி" என்பார். எனக்காக அவர் மத்தியானச் சோற்றைக்கூட அவசரமாகத் தின்றார்.

பதுளை ஆஸ்பத்திரிக்கும் அவர்தான் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஒரு டொக்டர் நோனா சிங்களத்தில் கேட்டார். மதினி எனக்குத் திருப்பிச் சொன்னார்.

"கூடைய எப்படிப் போடுவேன்னு செஞ்சு காட்டச் சொல்றாங்க."

கயிற்றை உச்சந்தலையில் மாட்டுகிற மாதிரி காட்டினேன். நோனா என் இரண்டு தோளையும் அமுக்கிப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார்.

"அப்படிப் போட்டா ரெண்டு பக்கமும்ல வலிக்கணும், ஒரு பக்கம் மட்டும் ஏன்னு கேக்குறாங்க. ஏன்டி?"

"தெரியல மதினி."

பாரம் தூக்கவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

கை தூக்க முடியாததால் தலை வாருவதும் முடியாது. சாயங்காலம் மதினி சீப்போடு வருவார். அவரை விளக்கு ஏற்ற விடாமல், "அப்படியே பின்னி விடுங்க, போதும்" என்பேன். ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த அன்றைக்கு இன்னும் வெளிச்சம் இருந்தது. வாசலில் உட்கார வைத்துப் பின்னலை அவிழ்த்தார். சீப்பு உச்சியில் ஒரு தடவை போனது, இன்னொரு தடவை போனது. பிறகு நின்றுவிட்டது.

"ஏ புள்ள. இது வருசம் முச்சூடும் கொழுந்து எடுத்த தலையா?"

மதினி என் சட்டைக் கழுத்தை விலக்கித் தோளைப் பார்த்தார். கயிற்றுத் தழும்பு கறுத்துக் கிடந்தது.

"அடிப்பாவி. ஒனக்காக நான் ரெண்டு ஆளு வேலை பாத்தேன்டி."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மூன்றாம் நாள் வீட்டுக்காரர் சொன்னதை, மூக்கை உறிஞ்சிக்கொண்டே அரைகுறையாகச் சொன்னேன். மதினி சீப்பைக் கீழே வைத்தார். பிறகு முன்னால் வந்து குந்தினார். தலைத்துணியை அவிழ்த்து, என் இடது கையைப் பிடித்துத் தன் உச்சியில் வைத்தார். வழவழவென்று இருந்தது.

"இது விழுந்த வருசம் நானும் கண்ணாடியத் திருப்பி வச்சேன். யாருக்கிட்ட சொல்றது?" என்றார். அப்புறம் சிரித்துவிட்டார். "என் தம்பி முடியக் கட்டிக்கிட்டானா, ஒன்னயக் கட்டிக்கிட்டானா?"

"அவருகிட்ட சொல்லிராதீங்க மதினி."

"போடி. சொன்னா அவன் வெக்கத்துல காட்டுக்குள்ள ஓடிருவான்."

மறுநாள் தலைத்துணியை நாலாக மடித்து என் உச்சியில் வைத்து, அதன்மேல் கயிற்றை மாட்டிவிட்டார். கூடை நிரம்புகிற வரைக்கும் காத்திருக்கக் கூடாது, பாதியிலேயே சாக்கில் கொட்டிவிட வேண்டும் என்றார். கழுத்து வலித்தது. அது எல்லாருக்கும் வலிக்கிற வலி. தோள் மெதுவாகத்தான் விட்டது. இரண்டு அடி முன்னால், ஒரு அடி பின்னால் என்று மாதக்கணக்காக ஆனது. அவர் அள்ளிப் போடுகிற கொழுந்து அத்தனை நாளும் என் கூடையில் விழுந்தது.

என் பேர் பதிந்த நாளில் மதினி வழக்கம்போல் சீப்போடு வந்தார். நான் சீப்பை வாங்கிக்கொண்டேன். தோள் இழுத்தது. ஆனாலும் உச்சி வரைக்கும் எட்டியது. வகிடு எடுத்தேன். மதினி குனிந்து பார்த்தார்.

"ரோடு வேலை ஆரம்பிச்சிட்டாங்கடி" என்றார், சத்தமாகவே.

வீட்டுக்காரர் அடுப்பண்டை தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். கேட்டிருக்கும். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் என் தலையை ஒரு தரம் பார்த்தார். கோப்பையைக் கீழே வைத்தார். எழுந்து போய்ப் போத்தலை எடுத்து, வெந்நீர் ஊற்றித் துணியைச் சுற்றி, என் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார்.