மூடியளவு கருமருந்து

தொண்ணூறுகளில் இத்தாலியின் பலெர்மோவில் நான் வேலைசெய்த வீட்டு முதலாளி சிஞ்ஞோர், ஒரு காலை தன் பழைய வேட்டைத் துவக்கை மடியில் வைத்துக்கொண்டு, வெடிமருந்து அளக்கும் பித்தளைக் குவளையைக் காணவில்லையென்று சத்தம்போட்டார். மேசையில் சிந்தியிருந்த கருமருந்து மணத்தது. அப்பாவின் கை மணம் அது.

மன்னாரில் அப்பாவிடம் இடியன் துவக்கு ஒன்று இருந்தது. குழல் வாயால் மருந்தைக் கொட்டி, தும்பு வைத்துக் கம்பியால் இடிப்பார். தைலப் போத்தல் மூடிதான் அளவு. அதற்கு மேல் போட்டால் குழல் தாங்காது.

ஒருமுறை அப்பா துவக்கை எடுத்த அன்று பெரிய வெள்ளி.

“இண்டைக்கு ஒரு உயிரையும் கொல்லாதேங்கோ” என்றாள் அம்மா.

“காட்டுப் பண்டிக்குப் பெரிய வெள்ளி தெரியுமோ? மரவள்ளியெல்லாம் உழுதுபோட்டுது” என்றார் அப்பா.

மூடி இல்லாவிட்டால் போகமாட்டார் என்று நம்பி, அம்மா அதை எடுத்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள். அப்பா உள்ளங்கையால் அளந்து போட்டுக்கொண்டு போனார். குழல் வெடித்து, மரவள்ளிக்குள்ளேயே செத்துக் கிடந்தார்.

அதன்பிறகு சேலை மாற்றும்போதெல்லாம் அம்மா அந்த மூடியை அவிழ்த்து, மாற்றுச் சேலையில் முடிந்துகொள்வாள். சாகும்வரை அப்படித்தான்.

சிஞ்ஞோரின் குவளை அலுமாரிக்குக் கீழே கிடந்தது. ஊர்ந்துபோய் எடுத்து அவர் கையில் வைத்தேன்.

“அளந்து போடுங்கோ” என்றேன். தமிழில் சொல்லிவிட்டேன் என்பது அவர் புரியாமல் விழித்தபோதுதான் தெரிந்தது.