சிவப்பு எண்களைப் படிக்காத மீட்டர்காரர்

உங்கள் வீட்டுத் தண்ணீர் மீட்டரை என்றைக்காவது குனிந்து பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள். அதற்கென்று ஒரு மனிதர் மாதம் ஒருமுறை வந்து கதவைத் தட்டுகிறார், குனிகிறார், எழுதிக்கொள்கிறார், போய்விடுகிறார். அவர் முகம்கூட நமக்கு நினைவில் நிற்பதில்லை. அப்படி ஒருவரின் கதைதான் இது. அவரை எல்லோரும் மீட்டர்காரர் என்றே கூப்பிட்டார்கள். அவருக்கும் அதில் ஒரு குறையும் இல்லை.

அந்த மீட்டரில் கறுப்பில் சில எண்கள், கடைசியில் சிவப்பில் சில எண்கள். கறுப்பு முழு அளவு, சிவப்பு சில்லறை. சிவப்பை எழுதவே கூடாது என்பது வேலையில் சேர்ந்த அன்றே சொல்லித்தந்த பாடம். இருபத்திரண்டு வருடம் அந்தப் பாடத்தைச் சிரமேற்கொண்டு நடந்ததில், புள்ளிக்குப் பிறகு வரும் எதுவும் அவர் கண்ணுக்குத் தெரியாமலே போய்விட்டது. காய்ச்சல் நூற்றிரண்டு புள்ளி எட்டு என்றால், "நூத்திரெண்டுதானே, விடு" என்பார். மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

மனைவி தையல்காரி. சும்மா தையல்காரி இல்லை, ஒருமுறை அளவு எடுத்தால் மறுமுறை நாடாவைத் தொடமாட்டாள் என்று பெயர் வாங்கியவள். யாருக்கு என்ன அளவு என்பதையெல்லாம் கம்ப்யூட்டரில் நேராக அடித்து வைத்துவிடுவாள். 'இடது தோள் அரை இன்ச் இறக்கம், அவரிடம் சொல்ல வேண்டாம்' என்பது போன்ற குறிப்புகளும் அதில் இருக்கும். காகிதத்தில் எழுதும் பழக்கத்தை அவள் விட்டுப் பல காலம் ஆகிறது.

வீட்டில் அந்த ஒரு கம்ப்யூட்டர்தான். ஆனால் அதற்குள் இரண்டு குடித்தனம். பெட்டியைப் போட்டதும் கறுப்புத் திரையில் இரண்டே வரி வரும். மேல் வரி விண்டோஸ், அது மனைவியுடையது. கீழ் வரி லினக்ஸ், அது இவருடையது. பத்து, ஒன்பது, எட்டு என்று எண்ணிக்கை இறங்கும். யாரும் எதையும் தொடாவிட்டால் மேல் வரி தானாகத் திறந்துகொள்ளும். கீழே போக வேண்டுமென்றால் அந்தப் பத்து விநாடிக்குள் ஒரு விசையைத் தட்ட வேண்டும்.

இந்த ஏற்பாடு சண்டையில் பிறந்தது. ஒருநாள் இவர் ஏதோ வரைந்துகொண்டிருந்தபோது அவளுடைய அளவுக் கோப்பு ஒன்றைச் சேமிக்காமல் மூடிவிட்டார். "உங்க கிறுக்கலையெல்லாம் வேற எங்கயாவது வச்சுக்குங்க" என்று அவள் சொல்லிவிட்டாள். கம்ப்யூட்டர் கடைக்காரர்தான் வந்து ஹார்ட் டிஸ்க் என்கிற வட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து இரண்டாவது சிஸ்டத்தைப் போட்டுக்கொடுத்தார். எதைக் கேட்டாலும் பத்து நிமிஷம் என்று சொல்பவர், அதனால் அவருக்குப் பெயரே பத்து நிமிஷம். அன்றைக்கு வேலை முடிய நான்கு மணி நேரம் ஆனது.

அப்படி என்ன கிறுக்கினார்? ஒரு ஊரை வரைந்தார். இல்லாத ஊர்.

மத்தியானம் மூன்று மணிக்கு, தெருத்தெருவாக அலைந்த கால் வலியோடு வந்து உட்காருவார். கீழ் வரியைத் தட்டுவார். மெல்ல அந்த ஊர் திறக்கும். ஒரு ஆறு, மூன்று பாலம், காற்று நேராக அடித்துவிடாமல் வளைந்து வளைந்து போகும் தெருக்கள். மலைச் சரிவில் நீர்த்தேக்கம், அங்கிருந்து இறங்கும் பெரிய குழாய், வால்வுகள், கிளைக் குழாய்கள், வீட்டுக்கு வீடு மீட்டர். எந்த மீட்டரிலும் கசிவு கிடையாது. பக்கத்து அறையில் மனைவியின் தையல் மெஷின் ஓட ஆரம்பித்தால், அந்த ஊரில் ரயில் வரும். அவள் மெஷினை நிறுத்தினால் ரயிலும் நின்றுவிடும். அதற்காகவே அங்கே ஒரு ஸ்டேஷன் கட்டினார். காலையில் யாருடைய வீட்டு நாய்க்கோ பயந்து சுவரோரம் ஒதுங்கும் மனிதர், அந்த ஊருக்குள் கையை வீசிக்கொண்டு நடந்தார். ஐந்து மணிக்கு அணைத்துவிட்டு எழுந்தால் முகமே தெளிந்திருக்கும். அந்த ஊரில் ஒரு ஆள் கிடையாது. அது அவருக்கு உறைக்கவும் இல்லை.

ஊர் வளர வளர லினக்ஸ் பக்கத்தில் இடம் தீர்ந்தது. பத்து நிமிஷத்தைப் போனில் கூப்பிட்டார். முன்பு வட்டைப் பிரித்தபோது நடுவில் ஒரு வெற்றுப் பகுதி மிச்சமிருக்கிறது, நூற்றைம்பது புள்ளி ஒன்பது ஜிபி என்று காட்டும், அதை அழித்து உங்கள் பக்கத்தோடு சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அவர் சொன்னார். பத்து நிமிஷ வேலைதான் என்றும் சொன்னார்.

திரையில் பட்டியல் வந்தது. எந்தப் பகுதிக்கும் பெயர் இல்லை, எண்தான். மேலே நூற்றைம்பது புள்ளி இரண்டு. அதற்குக் கீழே நூற்றைம்பது புள்ளி ஒன்பது. மீட்டர்காரரின் கண் நூற்றைம்பதைப் படித்தது. இருபத்திரண்டு வருடப் பழக்கம், அதற்குமேல் அது போகவே இல்லை. முதலில் கண்ணில் பட்ட நூற்றைம்பதை அழித்தார், தன் பக்கத்தோடு சேர்த்தார், மத்தியானம் முழுக்கத் தன் ஊரின் படங்களை அந்தப் புது இடத்துக்கு மாற்றினார். ஊருக்கு இரண்டு தெரு கூடியது. நிறைந்த மனதோடு பெட்டியை அணைத்துவிட்டு மறுபடி போட்டார்.

மேல் வரியைக் காணோம்.

பக்கத்து அறையில் மனைவி துணி வெட்டிக்கொண்டிருந்தாள். நடுவில் கூப்பிட்டால் வெட்டு கோணிவிடும் என்று, கத்தரி ஓய்கிறவரை வாசற்படியிலேயே நின்றார். பிறகு சொன்னார்.

"உன் பக்கம் போயிடுச்சும்மா. நான்தான் அழிச்சுட்டேன்."

அவள் கத்தரியைக் கீழே வைத்தாள். "பாட்டுக்காரங்க அளவு?" என்று மட்டும் கேட்டாள்.

வேறு ஊரிலிருந்து ஒரு சேர்ந்திசைக் குழு, இருபத்தாறு பெண்கள், போன மாதம் வந்து அளவு கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். துணியும் பார்சலில் வந்துவிட்டது. கச்சேரிக்குப் பன்னிரண்டு நாள்தான் பாக்கி. பழைய வாடிக்கைக்காரர்களின் அளவுகள் ஒரு பென் டிரைவில் கிடந்தன. இந்த இருபத்தாறு பேர் அதில் இல்லை.

பத்து நிமிஷம் என்கிற அந்தக் கடைக்காரர் ஓடிவந்தார். பழைய போட்டோக்கள் சில மீண்டன, அதிலும் பாதிப் பேருக்குக் கழுத்துக்குக் கீழே எதுவும் இல்லை. அழித்த இடத்தின் மேலேயே ஊர்ப் படங்களை எழுதிவிட்டதால் இனி ஒன்றும் ஆகாது என்றார். அந்த மனிதர் வாயிலிருந்து ஆகாது என்ற சொல் வந்ததே அன்றைக்குத்தான்.

மீட்டர்காரர் எப்படி நடந்தது என்பதை ஒளிக்காமல் சொன்னார். புள்ளியைச் சொன்னார், பழக்கத்தைச் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீங்க விட்டுடுற அந்தச் சில்லறையிலதாங்க நான் சோறு சாப்பிடுறேன். அரை இன்ச், கால் இன்ச். வேற என்ன இருக்கு என் வேலையில?"

மீட்டர்காரர் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தார்.

போன் போட்டுத் திரும்ப அளவு கேட்டுவிடலாம் என்று கடைக்காரர் யோசனை சொன்னார். கேட்டால் கிடைக்கும். ஆனால் அளவைத் தொலைத்த தையல்காரி என்ற பெயரும் கூடவே கிடைக்கும், இத்தனை வருடம் சேர்த்த மானம் ஒரு போனில் போய்விடும். அவள் மறுத்துவிட்டாள். கை தொட்ட உடம்பு மறக்காது, நானே சொல்கிறேன், நீங்கள் அடியுங்கள் என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

மூன்று பேர்வரை நன்றாக வந்தது. நான்காவது ஆளில் எல்லாம் கலங்கிப்போனது. ஒருத்தியின் தோள் இன்னொருத்தியின் இடுப்போடு ஒட்டிக்கொண்டது. எல்லோரும் ஒரே வரிசையில் நின்று, ஒரே சிரிப்பாகச் சிரித்துவிட்டுப் போனவர்கள். அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

மீட்டர்காரருக்குத் தெரிந்த வித்தை ஒன்றுதான். அவருக்கு ஆட்கள் நினைவிருக்காது, வீடுகள் நினைவிருக்கும். எந்த வீட்டில் போன மாதம் என்ன அளவு என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வார். தயங்கித் தயங்கி ஊரைத் திறந்தார்.

"ஆளுக்கு ஒரு வீடு குடுத்துடலாம். வீட்டுல வச்சுட்டா நகர மாட்டாங்க."

அவள் அந்த ஊரை முதல்முறை பார்த்தாள். ஆறும் பாலமும் திரையில் அசையாமல் கிடந்தன. பிறகு விரலை வைத்து, "இந்த உசரமான பொண்ணை இங்க வைங்க, வாசல் பெருசா இருக்கு" என்றாள்.

மூன்று மத்தியானம் அப்படிப் போனது. வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு வீடாக நுழைந்தாள், நாடாவைப் பிடிப்பதுபோல் காற்றில் கையை விரித்தாள், எண்ணைச் சொன்னாள். முப்பத்தாறரை. அரையைப் போட்டீங்களா? போட்டேன். கால்? போட்டேன்மா. அளவு எடுக்கும்போதெல்லாம் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டவளுக்கு ஆற்றங்கரை வீடு, இனிமேலாவது மூச்சு விடட்டும். ஓயாமல் சண்டை போட்ட அக்கா தங்கைக்கு அடுத்தடுத்த வீடு, அங்கேயும் அடித்துக்கொள்ளட்டும். ஆளே இல்லாத ஊரில் கொடிக் கயிற்றில் துணி காய ஆரம்பித்ததுபோல் மீட்டர்காரருக்குத் தோன்றியது. ரயில் மெஷினிலிருந்து வருகிற கதையைக்கூட அவளிடம் சொன்னார். அவள் சிரித்தாள்.

இருபத்தாறாவது பெண்ணும் குடியேறிய பிறகு, அவள் ஊரை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை தள்ளிப் பார்த்தாள்.

"நம்ம வீடு எங்க?"

மீட்டர்காரர் பொய் சொல்லியிருக்கலாம், எந்த வீட்டையாவது காட்டியிருக்கலாம். "போடலை" என்றார்.

"ஆறு வருஷமா தினம் ரெண்டு மணி நேரம். எனக்கு ஒரு வாசப்படி வைக்கத் தோணலையா உங்களுக்கு?"

எழுந்து போய்விட்டாள். மெஷின் ஓடத் தொடங்கியது. அளவு போனதற்குக்கூட அவள் குரல் இப்படி உடையவில்லை. யாரும் இல்லாத இடம் என்று ஆசை ஆசையாகக் கட்டியதில், யாரும் என்பதற்குள் அவளும் இருந்திருக்கிறாள்.

அடுத்த ஒரு வாரம் தேவைக்கு மட்டும் பேச்சு. அவர் பொத்தான் தைத்துக் கொடுத்தார், மடித்தார், கட்டினார். அனுப்பிய இருபத்தாறில் இருபத்தைந்து அச்சாகப் பொருந்தின. ஒன்றில் மட்டும் கையின் நீளம் கால் இன்ச் கூடுதல், அதை அந்தப் பெண்ணே மடித்துத் தைத்துக்கொண்டாளாம். போனை வைத்துவிட்டு மனைவி ஒரு பெருமூச்சு விட்டாள்.

அன்று மத்தியானம் மூன்று மணி. கடைக்காரர் மேல் வரியைப் புதிதாகப் போட்டுக்கொடுத்திருந்தார். எண்ணிக்கை பத்திலிருந்து இறங்கியது. மீட்டர்காரர் விசையைத் தொடவில்லை.

"இங்க கொஞ்சம் வாயேன்" என்று கூப்பிட்டார். "நீயே தட்டு."

ஐந்து, நான்கு. அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மூன்றில் கீழ் வரியைத் தட்டினாள். ஊர் திறந்தது. இடம் நீ சொல்லு என்றார். அவள் ஆற்றங்கரையைத் தாண்டினாள், மலைச் சரிவைத் தாண்டினாள், ஸ்டேஷன் பக்கத்தில் நிறுத்தினாள்.

"அங்க ஓயாம சத்தமா இருக்குமே."

"இருக்கட்டும். என் சத்தம்தானே."

மவுஸைப் பிடுங்கி அவளே சுவரை வரைந்தாள். ஒரு பக்கம் கோணிப்போனது. அவர் திருத்தவில்லை. பெரிய குழாயிலிருந்து ஒரு கிளை இழுத்து, அந்தக் கோணல் சுவர்வரை கொண்டுவந்து, ஒரு மீட்டர் வைத்தார். பிறகு வழக்கம்போல் குனிந்து படித்தார். கறுப்பெல்லாம் சைபர். கொஞ்சம் நின்று, சிவப்பையும் படித்தார்.