சுவரைத் தொடாத கை

எல்லைத் தகராறால் தமிழர், தெலுங்கர் என ஊரே பிரிந்திருந்த காலம். சித்தூரில் குளத்து நீச்சல் போட்டியொன்றில் நான் நேரம் குறிப்பவனாக நின்றேன். நீந்துவோர் எதிர்ச்சுவரைத் தொட்டுத் திரும்புகிறார்களா என்று கவனிக்கும் நடுவர் மெலிந்த மனிதர். படியில் குப்புறப் படுத்தே பார்ப்பார். சட்டையின் முன்புறமெல்லாம் பாசி.

மாநிலப் போட்டிக்கு ஆளெடுக்கும் பந்தயத்தில் முதலாவதாக வந்த தமிழ் இளைஞனை, சுவரைத் தொடவில்லையென்று அவர் நீக்கினார்.

“நம்மாளாச்சே, கண்டுக்காம வுட்டிருக்கலாமே?” என்றேன்.

“நான் கையத்தான் பாத்துக்கினு இருந்தேன், சார்.”

மாலையில் அவருடைய சைக்கிளின் பின்னால் அவ்விளைஞனே ஏறி அமர்ந்தான்.

“சொவுத்துல பாசி வழுக்குது, மாமா.”

“தொட்டாத்தானடா வழுக்கும்?” என்று அவர் மிதிக்கத் தொடங்கினார்.

உறவென்பதை என்னிடம் அவர் சொல்லவேயில்லை.