அம்மா பிட்டுக் கொடுத்த பெரிய வியாழன் அப்பம்

அம்மா இல்லாமல் எங்கள் வீட்டில் ஓராண்டு கழிந்துவிட்டது. உங்கள் கைக்கு வரும் இந்த நினைவு மலரில் அவரைப் பொறுமைசாலி என்று எழுதச் சொன்னார்கள். அம்மா பொறுமைசாலிதான். ஆனால் எதையும் மறந்தவர் அல்லர்.

அம்மா பிறந்தது ராசிங்காபுரத்தில், இந்து விவசாயக் குடும்பத்தில். ஏலக்காய் எஸ்டேட்டில் ஜீப் ஓட்டிய அப்பாவை விரும்பி, ஞானஸ்நானம் பெற்று மணந்தார். பிறந்த வீடு அத்தோடு கதவை அடைத்தது. புகுந்த வீட்டிலோ அப்பாவின் அண்ணனான பெரியப்பா ஒருநாளும் அவரைக் குடும்பத்தில் சேர்க்கவில்லை.

இயேசுவின் கடைசி இராவுணவை நினைத்து அவிக்கும் பெரிய வியாழன் அப்பம், நாங்கள் குடியிருந்த மலைமேல் மலையாளக் குடும்பங்களோடு பழகி எங்கள் வீட்டுக்கு வந்த வழக்கம். அரிசி மாவையும் உளுந்தையும் புளிக்கவிடாமல் ஆவியில் வேகவைத்து, மேலே குருத்தோலைச் சிலுவை வைப்பார்கள். தொட்டுக்கொள்ள வெல்லமும் ஏலக்காயும் சேர்த்துக் காய்ச்சிய தேங்காய்ப்பால். ஜெபம் முடிந்ததும் வீட்டுக்கு மூத்தவர் பிட்டு, வயது வரிசையில் கொடுப்பார். அந்த ஆண்டு சாவு விழுந்த வீட்டில் மட்டும் அப்பம் அவிக்கக் கூடாது. உறவினர்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

எழுபதுகளின் நடுவில், போடிமெட்டு வளைவில் ஜீப் கவிழ்ந்து அப்பா இறந்தார். இரண்டு மாதத்தில் பெரிய வியாழன். அம்மா இலை போட்டு என்னையும் தம்பியையும் உட்கார வைத்துக் காத்திருந்தார். நாலு வீடு தள்ளியிருந்த பெரியப்பா வரவில்லை. கேட்கப் போன பக்கத்து வீட்டு அக்காவிடம், "தண்ணி தெளிச்சுட்டா அவ நம்ம ஆளாயிருவாளா? அவளுக்கு எதுக்கு அப்பம்?" என்றாராம். அந்த அக்கா இந்து. தன் வீட்டுக் கேப்பைக் களியைக் கொண்டுவந்து எங்கள் இலையில் வைத்தார். அம்மா அழவில்லை.

"சாப்புடுங்க. ஆனா இந்த நாள மறந்துராதீங்க" என்றார்.

மறுமாதம் போடிக்கு இறங்கினோம். ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலையில் கண் எரிய எரிய உட்கார்ந்து எங்களைப் படிக்க வைத்தார் அம்மா. அடுத்த ஆண்டு முதல் ஒவ்வொரு பெரிய வியாழனும் அம்மாவே அவித்தார், அம்மாவே பிட்டார்.

பத்து ஆண்டுகள் கழித்துப் பெரியம்மா காலமானார். அந்தப் பெரிய வியாழனன்று அம்மா அப்பத்தோடும் பால் தூக்குவாளியோடும் என்னை அழைத்துக்கொண்டு மலைக்கு ஜீப் ஏறினார். மன்னித்துவிட்டார் என்றே நினைத்தேன்.

பெரியப்பா மெலிந்து போயிருந்தார். "வா தாயி" என்று வாசலுக்கே வந்தார். ஜெபம் முடிந்ததும், அப்பத்தைப் பிட்டுக் கொடுக்க, மூத்தவர் என்ற முறையில் கையை நீட்டினார். அம்மா தட்டைக் கொடுக்கவில்லை. தானே பிட்டு அவருடைய மகனுக்கும் மருமகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும், எட்டிப் பார்த்த அண்டை வீட்டாருக்கும் கொடுத்தார்.

"எனக்கு, தாயி?"

"புள்ளைகளுக்குத்தான் கொண்டாந்தேன், பெரியவரே. ஒங்களுக்கு இல்ல."

கடைசித் துண்டை அவர் கண்முன்னே அம்மா தன் வாயில் போட்டுக்கொண்டார். எனக்கு வெட்கமாக இல்லை. மனசு குளிர்ந்திருந்தது.

அம்மாவின் கடைசி நாட்களில் பங்குச் சாமியார், பெரியப்பாவைக் குறித்து, "அவரையும் மன்னிச்சிரும்மா" என்றார். "வேற யாருன்னாலும் மன்னிக்கிறேன் சாமி. அவரு சோலியக் கடவுளே பாத்துக்கிறட்டும்" என்று அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பக்கத்து வீட்டு அக்காவுக்கும், அம்மாவோடு வேலை பார்த்தவர்களுக்கும், ஆஸ்பத்திரியில் மாறி மாறித் துணையிருந்தவர்களுக்கும் எங்கள் நன்றி என்றைக்கும் உண்டு.

பெரியப்பாவும் இந்த மலருக்கு ஒரு பக்கம் எழுதி அனுப்பினார். தள்ளாத வயதில் எழுதியது எழுத்திலேயே தெரிந்தது. அம்மாவைப் புகழ்ந்து, நன்றாகவே எழுதியிருந்தார். இரண்டு முறை வாசித்தேன். அச்சுக்குக் கொடுக்கவில்லை.