ராகுகாலத்தில் புறப்பட்ட கழிகள்

எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாவிட்டால் ஜெயபாரதிக்குச் சோறு இறங்காது. சாந்தோமில் ஒரு பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியை. மயிலாப்பூர்த் தெருக்களில் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சைக்கிள் விட்டவள். "பொம்பளைக்கு எதுக்கு சைக்கிள்?" என்றவர்களை, "ஏன், சக்கரம் சுத்தாதா?" என்று கேட்டவள்.

எழுபத்தொன்று டிசம்பரில் போர் மூண்டதும் தொண்டர் குழு அவளுக்கு ஒரு வேலை கொடுத்தது. காயம்பட்ட வீரர்களைத் தூக்க ஸ்ட்ரெச்சர் வேண்டும். ஊரில் யாரிடம் என்ன இருக்கிறதென்று பார்த்துச் செய்து அனுப்ப வேண்டும். கழிக்குத் தேனாம்பேட்டைக் கட்டில் கடை இசக்கிமுத்துவைப் பிடித்தாள். கான்வாஸ் தைக்க ராயப்பேட்டையில் ஷாமியானா தைக்கும் ஷரஃபுதீனைப் பிடித்தாள்.

"அந்த ஆளு எதுக்கு டீச்சர்? பாகிஸ்தானோட சண்ட நடக்கிற நேரத்துல..." என்று இழுத்தார் இசக்கிமுத்து.

"அவர் ராயப்பேட்டையில பொறந்தவர். திருநெல்வேலியில இருந்து ரயிலேறி வந்தது நீங்க. நம்பலாமான்னு அவர்தான் கேக்கணும்."

இசக்கிமுத்து சரியென்று தலையாட்டினார். முகம் மட்டும் தெளியவில்லை.

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு லாரி. தவறவிட்டால் அடுத்தது எப்போதென்று அதிகாரிகளுக்கே தெரியாது. அன்று முற்பகல் ராயப்பேட்டையில் கான்வாஸ் தயாராக இருந்தது, கழிகளைக் காணோம். ஜெயபாரதி தேனாம்பேட்டைக்கு மிதித்தாள். கடை வாசலில் கழிகள் கட்டுக்கட்டாகக் கிடக்க, தச்சர்கள் பீடி பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ராகுகாலம் டீச்சர். பன்னெண்டு தாண்டட்டும்" என்றார் இசக்கிமுத்து.

"குண்டு அடிக்கிறவன் பஞ்சாங்கம் பாத்தா அடிக்கிறான்?"

"அது அவன் பாடு. என் கையால இப்ப ஒரு குச்சி வெளிய போகாது."

பன்னிரண்டு தாண்டி அனுப்பினால், கழிகளைக் கான்வாஸில் செருக வேண்டிய ஷரஃபுதீனின் ஆட்கள் ஜும்மா தொழுகைக்குக் கிளம்பிவிடுவார்கள். கோபத்தில் அவளுக்குக் காது சிவந்தது. எங்கோ ஒருவன் ரத்தம் ஒழுகக் கிடப்பான். இங்கே கிரகத்துக்குக் காத்திருக்கிறார்கள். திட்டத்தான் வாயெடுத்தாள். வந்தது கேள்வி.

"அண்ணாச்சி, இந்த ராகு முஸ்லிமையும் பிடிக்குமா?"

இசக்கிமுத்து விழித்தார். "அவங்களுக்கு ஏது ராகு?"

"அப்ப அவங்களே வந்து எடுத்துக்கிட்டா?"

அவர் மோவாயைச் சொறிந்தார். இந்த வழக்கை அவரிடம் இதுவரை யாரும் கொண்டுவந்ததில்லை. "நான் குடுக்க மாட்டேன். நான் காபி குடிக்கப் போறேன். அந்நேரம் யார் எடுத்தாலும் எனக்குத் தெரியாது" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

விஷயத்தைக் கேட்டு ஷரஃபுதீன் வயிறு குலுங்கச் சிரித்தார். "இன்னா டீச்சர்மா, நேத்து வரைக்கும் நம்மள சந்தேகமா பாத்துகினு இருந்த மன்ஷன், இன்னிக்கு ராகுவ நம்ம தலையில கட்றாரா? கட்டட்டும், தாங்கிக்கலாம்."

கைவண்டியோடு ஆட்கள் போய்க் கழிகளைக் கொண்டுவந்தார்கள். பாதிக்குமேல் செருகி முடித்த நேரம், பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. அவர்கள் எழுந்து கைகால் கழுவப் போனார்கள்.

ராகுகாலம் முடிந்துவிட்டதால் இசக்கிமுத்து தச்சர்களோடு வந்து வாசலில் நின்றார். உள்ளே கால் வைக்கவில்லை. ஷரஃபுதீன் கடைச் சாவியை அவர் கையில் வைத்தார்.

"உள்ள வாங்க அண்ணாச்சி. நான் தொழுதுட்டு வர்ற வரைக்கும் கடையப் பாத்துக்குங்க."

சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார் இசக்கிமுத்து. பிறகு அதை மடியில் முடிந்துகொண்டு உள்ளே போய்ச் சுத்தியலை எடுத்தார். ஜெயபாரதியும் ஒரு கழியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். யாரும் நிமிரவில்லை.

ஷரஃபுதீன் திரும்பி வந்தபோது லாரி வாசலில் உறுமிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு ஸ்ட்ரெச்சர் ஏறவில்லை. அதன்மேல் இசக்கிமுத்து மல்லாந்து படுத்திருந்தார்.

"தூக்கிப் பாரும்வே! உம்ம தையல் என்னையத் தாங்குதான்னு பாப்போம்."

"தையல் தாங்கும். ஒன் கழிதான் ஒடையப் போவுது!" என்று ஷரஃபுதீன் தலைமாட்டைப் பிடிக்க, ஜெயபாரதி கால்மாட்டைப் பிடித்தாள். கழி வளைந்தது, ஒடியவில்லை. லாரி வரைக்கும் தூக்கிப் போனார்கள்.

"எறங்கு அண்ணாச்சி, சண்டைக்குப் போற வண்டி" என்றார் ஷரஃபுதீன்.