துளி நிற்காத கண்ணாடி

கழுவிய சோதனைக் குழாயைத் தலைகீழாகப் பிடித்து, ஜன்னல் பக்கம் தூக்கி, ஒற்றைக் கண்ணால் பார்க்கிறார் அயோடின் அக்கா. தண்ணீர் படலமாக வழிந்தால் சுத்தம். துளியாக நின்றால் கொழுப்பு ஒட்டியிருக்கிறது. மறுபடியும் சோப்பு, மறுபடியும் பிரஷ். "கொழுப்புக்கும் தண்ணிக்கும் ஜென்மப் பகை. சோப்பு மட்டும்தான் ரெண்டு வீட்டுலயும் கை நனைக்கும்" என்பார்.

கல்லூரியின் உயிர்வேதியியல் ஆய்வகத்தில் பத்தொன்பது வருடமாகக் குழாய் கழுவுகிறார். விரல் நுனியெல்லாம் கறை. மாணவர்களுக்கு அவர் அயோடின் அக்கா. அதற்கெல்லாம் கோபம் வராது. வேறொருவர் கழுவிய குழாயைக் கையில் கொடுத்தால்தான் வரும். வாங்கி, கொடுத்தவர் கண்ணெதிரிலேயே திரும்பக் கழுவுவார். வீட்டில் கணவருக்கு ஒரு டம்ளரைக் கழுவி வைக்கவே பயம்.

பாடமெல்லாம் காதுவழி வந்தது. பேராசிரியர் பலகை நிறையக் கட்டம் கட்டமாக வரைந்துவிட்டுப் போனதும் பிள்ளைகள் இவரிடம்தான் வருவார்கள். "மாவுச்சத்துன்னா என்ன? சர்க்கரைங்க வரிசையா கையக் கோத்துக்கிட்டு நிக்குது. எச்சில் பட்டா கைய விட்டுரும். அதான் ரொட்டிய மென்னுக்கிட்டே இருந்தா இனிக்குது." புரதத்துக்கு நாத்தனாரை இழுப்பார். அவளும் முட்டையைப் போலத்தானாம்: ஒருமுறை சூடு பட்டுவிட்டால், எவ்வளவு ஆற வைத்தாலும் பழையபடி ஆகாதாம்.

அவருக்கு டெக்னீஷியன் ஆக வேண்டும். எழுத்துத் தேர்வில் தேறிவிட்டார். போன வருடம் செய்முறைத் தேர்வில் சறுக்கினார். பெயரில்லாத நான்கு திரவங்கள். எது மாவுச்சத்து, எது சர்க்கரை, எது புரதம், எது கொழுப்பு என்று ஒரு மணி நேரத்தில் சொல்ல வேண்டும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியவர். ஆனால் மேசையிலிருந்த குழாய்களில் துளி நின்றது. கழுவினார். மறுபடி நின்றது. மறுபடி கழுவினார். மணியடித்தபோது இரண்டு திரவங்களைத் தொட்டிருக்கவேயில்லை. ஊருக்கெல்லாம் பலன் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான். பேருந்தில் வீடு வரும்வரை அழுதார்.

இந்த வருடத்தோடு வயது வரம்பு முடிகிறது. இதை விட்டால் ஓய்வுபெறும்வரை கழுவுதொட்டிதான். "அழுக்கா இருந்தா இருந்துட்டுப் போகட்டும்மா, பேசாம ஊத்து" என்று மகள் கெஞ்சினாள்.

"முன்னாடி ஊத்துனவனோட சர்க்கரை அதுல ஒட்டியிருந்தா? இல்லாத சர்க்கரைய இருக்குன்னு எப்படி எழுதுறது?"

அம்மா தேர்வு விதிகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான்காம் முறை படித்தபோது, கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி அகப்பட்டது: தேவையான கருவிகளைத் தேர்வர் தாமே கொண்டுவரலாம்.

தேர்வன்று காலை பன்னிரண்டு குழாய்களைக் கழுவினார். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பார்த்தார். துடைத்தால் நூல் ஒட்டும் என்று கவிழ்த்தே காயவைத்து, வெள்ளைத் துணியில் சுற்றி, பேருந்தில் கைக்குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு போனார்.

மேற்பார்வையாளர் துணியைப் பிரித்துப் பார்த்து, விதியை ஒருமுறை படித்து, தலையசைத்தார். மணி அடித்தது. அயோடின் அக்கா முதல் குழாயை எடுத்தார். பழக்க தோஷம், கை ஜன்னல் பக்கம் உயர்ந்தது. பாதி வழியில் நின்றது. பிறகு குழாயை இறக்கி, பார்க்காமலே முதல் திரவத்தை ஊற்றினார்.